பாறையை யாரும் தள்ளவில்லை

கல்குவாரியில் சுவர் சரிந்தால் மறுநாள் செய்தியில் இரண்டே காரணம்தான் வரும். ஒன்று மழை, இல்லாவிட்டால் வெடி. புவியியல் படித்துவிட்டு பதினைந்து வருஷமாகக் குவாரிக் குழிகளில் இறங்கி ஏறுகிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மழையும் வெடியும் கடைசியில் வந்து மாட்டிக்கொள்கிறவை. அதற்கு முன்பே முக்கால்வாசி வேலையை முடித்து வைத்திருப்பது, நாம் அள்ளிக்கொண்டு போன கல்.

கயிறு போட்டுக் கட்டிய விறகுக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இருக்கும்வரை தலையில் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். கயிற்றை அவிழ்த்தால், மேலே ஒரு சுள்ளிகூட வைக்காமலே சரிந்துவிடும். பூமிக்குள் கிடக்கிற பாறையும் அப்படி ஒரு கட்டுதான். கிரானைட்டோ, அதைப் போலவே கெட்டியான நம்மூர் சார்னோக்கைட் கல்லோ, எந்த மலையும் ஒரே கல்லாக இருப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாகப் பிளவு ஓடும். கிரானைட் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். அப்படியென்றால் 100 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 270 டன் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாரத்தில் கல் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், பக்கத்துக் கல் இடம் கொடுக்காது. கயிறு என்று நான் சொல்வது இந்தப் பக்கத்துக் கல்லைத்தான். குழி தோண்டுகிறவன் அதை அவிழ்த்துக்கொண்டே கீழே போகிறான்.

சுற்றிலும் இறுக்கினால் கல்லின் குணமே மாறிவிடும் என்பதை 1911-லேயே வான் கார்மான் என்ற விஞ்ஞானி பளிங்குக்கல்லில் செய்து காட்டிவிட்டார். சும்மா நசுக்கினால் நொறுங்குகிற கல், சுற்றிலும் அழுத்தம் கொடுத்து நசுக்கியபோது உடையாமல் வளைந்து கொடுத்தது. இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் இதையே தலைகீழாகவும் செய்கிறார்கள். உருளையாக வெட்டிய கல்லைச் சுற்றி எண்ணெய் அழுத்தம், மேலே சுமை. மேல் சுமையைத் தொடாமல் எண்ணெய் அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். ஒரு கட்டத்தில் படார். வெளியே எடுத்துப் பார்த்தால் கல் நெடுக்குவாட்டில் சிம்பு சிம்பாகப் பிரிந்திருக்கும். கல்லில் ஏற்கெனவே பிளவு இருந்தால் அது எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதுதான் விஷயம். படுக்கையாக இருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. சுமை இறங்குகிற திசைக்கு 30 டிகிரி போலச் சாய்ந்திருந்தால், கல் எவ்வளவு கெட்டியானதாக இருந்தாலும் அந்தப் பிளவிலேயே வழுக்கும்.

பிளவு முகத்தைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கண்ணாடி மாதிரி இருக்காது. சொரசொரவென்று மேடும் பள்ளமும். இரண்டு முகமும் பல்லோடு பல் பொருந்தி உட்கார்ந்திருக்கும். ஒன்று வழுக்க வேண்டுமானால் அடுத்ததன் மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். இறுக்கம் இருக்கும்வரை ஏற முடியாது. இறுக்கம் போனால் ஏறும், ஏறினால் பிளவு திறக்கும். திறந்த வாயில் தூசியும் சில்லும் போய் அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு அது பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அந்த இடைவெளியில்தான் மழைத்தண்ணீர் இறங்கி மிச்சமிருக்கிற பிடிப்பையும் குறைக்கிறது. இத்தனைக்கும் பிறகு மழையைக் குற்றம் சொல்கிறோம்.

2022 மே 14 இரவு, நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் சுமார் 300 அடி ஆழக் குவாரியில் ஆறு பேர் சிக்கி, நான்கு பேர் இறந்தார்கள். அங்கே என்ன காரணம் என்பதை விசாரித்தவர்கள் சொல்லட்டும். என் மனதில் நின்றது வேறு. மீட்புக்குப் போனவர்கள் இறங்க இறங்க, பாறை மறுபடி மறுபடி சரிந்து வேலையை நிறுத்தியது. முதல் சரிவு அதன் பின்னால் இருந்த கல்லின் கட்டையும் அவிழ்த்துவிடுகிறது. இதை அனுபவமுள்ள எந்தப் போர்மேனும் சொல்வார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மெட்டாலிஃபெரஸ் மைன்ஸ் ரெகுலேஷன்ஸ் என்கிற சுரங்க விதிகள், கெட்டிப் பாறையில் ஒரு பெஞ்ச், அதாவது சுவரில் விட்டு வெட்டுகிற ஒரு படி, 6 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன. வரைபடத்தில் அழகாகப் படிக்கட்டு இருக்கும். குழியில் போய்ப் பார்த்தால் நான் பார்த்த பல இடங்களில் ஒரே செங்குத்துச் சுவர். பெஞ்சில் நிற்கிற கல் விற்காத கல் அல்லவா, எவனுக்கு மனசு வரும்? கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்டே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. என் வீட்டுச் சுவரும் அதில் கட்டியதுதான். ஆனால் பெஞ்ச் உயரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, பிளவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்காமல் ஆழத்துக்கு அனுமதி கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே குழியில் நான்கு சுவர் இருந்தால் நான்குக்கும் ஒரே நியாயம் கிடையாது. பிளவு குழிக்குள் சாய்கிற சுவர்தான் ஆளைக் கொல்லும். எதிர்ச்சுவர் அதே உயரத்தில் வருஷக்கணக்கில் நிற்கும்.

ஆழமாக வெட்டவே முடியாது என்றும் இல்லை. சீனாவில் த்ரீ கோர்ஜஸ் அணையின் கப்பல் பாதைக்குக் கிரானைட் மலையை 170 மீட்டர் வரை வெட்டினார்கள். ஆயிரக்கணக்கில் இரும்பு வடம் இழுத்துக் கட்டினார்கள், தண்ணீர் வடிய மலைக்குள்ளேயே சுரங்கம் போட்டார்கள். அவிழ்த்த கயிற்றுக்குப் பதிலாக வேறு கயிறு. ஜல்லிக் குவாரியில் அதற்குக் கட்டுப்படியாகாது, தெரியும். அதனால்தான் பெஞ்சையாவது வெட்டாமல் விட்டுவையுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

போன வருஷம் ஒரு குழியில், பிளவு திறக்கிறதா என்று பார்க்க, அதன் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு சிமெண்ட் பூசித் தேதி எழுதி வைத்தேன். கூட இருந்த போர்மேன் அண்ணாச்சி கடப்பாரையால் சுவரைத் தட்டிக் காட்டினார். ஓரிடத்தில் ணங் என்றது, கல் கெட்டி. நாலடி தள்ளி டொக், உள்ளே பிடிப்பு விட்டிருக்கிறது.

நான்கு மாதம் கழித்துப் போனேன். நடுவில் பணத்தகராறில் வேலை நின்றிருந்தது. அந்தப் பக்கம் ஒரு வெடிகூட வைக்கவில்லை, மழையும் இல்லை. சிமெண்ட் பட்டை நடுவே கீறி, விரல் நகம் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது.

அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "யாரும் தொடலியே சார்" என்றார்.