பொந்தை அடைக்காதீர்கள்

எங்கள் தெருமுனை வேப்பமரப் பொந்தில் ஒரு புள்ளி ஆந்தை ஜோடி இருந்தது. மார்கழியில் எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். காரியம் முடிந்த மறுநாளே பொந்தில் செங்கல்லை வைத்து சிமெண்ட் பூசிவிட்டார்கள். "ராத்திரியெல்லாம் அலறிக்கிட்டே இருந்துச்சு, அதான் கொண்டு போயிடுச்சு" என்றார் அந்த வீட்டு அக்கா. துக்க வீட்டில் என்ன பேசுவது என்று வாயை மூடிக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஒரு சாண் உயரம்கூடத் தேறாத பறவை அது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண். நம்மைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டும். பயமுறுத்துகிறது என்பார்கள். ஆந்தைக்குக் கண்குழிக்குள் விழி உருளாது. தலையை அசைத்துத்தான் நாம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று கணிக்கிறது, பாவம்.

சரி, அலறல்? அந்தி சாய்ந்ததும் ஒன்று கிரீச்சிடத் தொடங்கும், துணை சேர்ந்துகொள்ளும். இது எங்கள் இடம் என்று மற்ற ஆந்தைகளுக்குச் சொல்கிற குரல் அது. ஒரு தரம் கத்தினால் சாவு, இரண்டு தரம் கத்தினால் நினைத்தது நடக்கும் என்று எண்ணிப் பலன் சொல்கிறோம். இந்தச் சின்ன ஆந்தை ஒன்று, இரண்டோடு நிறுத்துவதே அபூர்வம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். நோயாளி இருக்கும் வீட்டில் விடிய விடிய விளக்கு எரிகிறது. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், இரண்டுக்குமாக ஆந்தை வரும். ஊரே தூங்கும்போது அங்கேதான் யாராவது விழித்திருந்து அதைக் கேட்கிறார்கள். மறுநாள் உயிர் பிரிந்தால் பழி அதன் தலையில்.

தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைப்பார்கள், ராத்திரியில் ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று. வயலுக்கு வேண்டும், வாசலுக்கு வேண்டாம் என்றால் அது எங்கே போய்க் குஞ்சு பொரிக்கும்? அதற்குச் சொந்தமாகப் பொந்து குடையத் தெரியாது. பட்ட மரத்திலும் பழைய சுவரிலும் கிடைக்கிற ஓட்டைதான் வீடு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிடும் காலம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். சிமெண்ட் பூசியபோது உள்ளே முட்டை இருந்ததா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நேற்று சாயங்காலம் ஓர் ஆந்தை மட்டும் கரண்ட் கம்பியில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்கு அக்காவிடம் போய்ப் பேசப்போகிறேன். அந்தப் பூச்சைத் தட்டி எடுக்க ஓர் உளியும் சுத்தியலும் போதும்.