பக் வேண்டுமென்று செய்யவில்லை

சனிக்கிழமை பார்த்த ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தைப் பற்றி இரண்டு நாளாக எல்லோரும் எழுதிவிட்டீர்கள். விளக்கு அழகு, உடை அழகு, சரி. என்னால் அந்த ஒரு காட்சியைத் தாண்டிப் போக முடியவில்லை. தூங்கும் லைசாண்டரின் கண்ணில், விழித்ததும் முதலில் பார்ப்பவர்மேல் காதல் கொள்ள வைக்கும் பூச்சாற்றைப் பிழிந்துவிட்டு, நம்மைப் பார்த்துக் கண்ணடித்தான் வனதேவதைகளின் ராஜா ஓபரானின் ஏவலாள் பக். ஆள் மாறியது தெரிந்தே செய்வதுபோல. அரங்கமே கைதட்டியது.

அவன் தெரிந்து செய்யவில்லை. ஷேக்ஸ்பியர் அப்படி எழுதவே இல்லை.

தன்னை விரும்பும் பெண்ணை உதறிவிட்டுப் போகும் டிமீட்ரியஸின் கண்ணில்தான் சாற்றை விடச் சொன்னார் ஓபரான். அவனுக்கு அவர் சொன்ன அடையாளம் என்ன? ஏதென்ஸ் உடுப்பில் இருப்பான், அவ்வளவுதான். டிமீட்ரியஸும் அந்த உடுப்பில்தான் இருக்கிறான், லைசாண்டரும் அதில்தான் இருக்கிறான். கல்யாணத்துக்கு முன் பக்கத்தில் படுப்பது முறையில்லை என்று லைசாண்டரைத் தள்ளிப் படுக்கச் சொன்னதே அவன் காதலி ஹெர்மியாதான். பக்குக்கு அது எப்படித் தெரியும்? ஈர மண்ணில் ஒரு பெண் தனியாகக் கிடக்கிறாள். பாவம், இந்த அன்பற்றவன் அருகே படுக்கக்கூட அவளுக்குத் துணிவில்லை என்று நினைக்கிறான். இரக்கத்தோடும் கோபத்தோடும்தான் அந்தச் சாற்றை விடுகிறான். அங்கே கண்ணடிக்க என்ன இருக்கிறது?

பிறகு ஓபரான் கேட்பதும் அதைத்தான்: அலட்சியமா, வேண்டுமென்றே செய்த போக்கிரித்தனமா? “நம்புங்கள் ராஜா, தவறிவிட்டேன். உடுப்பை வைத்துத்தானே அடையாளம் சொன்னீர்கள்?” என்கிறான் பக். சனிக்கிழமை அந்தப் பதிலையே வெட்டிவிட்டார்கள்.

பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத்தில் எடுபிடியாக இருந்தேன். மஞ்சள் நிற அழைப்பிதழ்க் கட்டைக் கல்யாண வீட்டில் கொடுத்துவிட்டு வா என்றார் முதலாளி. மேசையில் இரண்டு மஞ்சள் கட்டுகள். நான் எடுத்துப் போனது வேறு வீட்டுப் பத்திரிகை. “விளையாட்டுப் புத்தி, வேணும்னே பண்ணிருக்கான்” என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினார். நான் வாயே திறக்கவில்லை. பல வருடம் கழித்து இந்த நாடகத்தை வாசித்தபோதுதான், அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் 1600-லேயே அச்சேறிவிட்டது என்று தெரிந்தது. அதை வெட்டினால் எனக்கு வலிக்கத்தான் செய்யும்.

நெசவாளி பாட்டத்துக்குக் கழுதைத் தலை மாட்டியது யார் என்று கேட்பீர்கள். அவன்தான், அது முழுக்கக் குறும்பு. இரவில் வழிப்போக்கர்களைத் திசைதிருப்பிவிட்டுச் சிரிப்பவன் என்றுதான் நாடகமும் அவனை அறிமுகப்படுத்துகிறது. இப்படிக் குழம்பியதில் எனக்கு மகிழ்ச்சி என்று பின்னால் அவனே சொல்கிறானே என்பீர்கள். சொல்கிறான். கை தவறி விழுந்த பானையைப் பார்த்துச் சிரித்த பையன், பானையை உடைக்கத்தான் வந்தான் என்று ஆகிவிடுமா? குறும்புக்காரன் என்று பெயரெடுத்துவிட்டால் அவனுக்குக் கை தவறவே தவறாதா?

இயக்குநருக்குச் சுதந்திரம் இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆங்கில இயக்குநர் பீட்டர் புரூக் 1970-இல் இதே நாடகத்தில் காட்டையே எடுத்துவிட்டு வெள்ளைப் பெட்டிக்குள் ஊஞ்சல் கட்டினார், பூவுக்குப் பதில் குச்சி நுனியில் தட்டைச் சுழல விட்டார். அதெல்லாம் சுதந்திரம்தான். ஒருவன் தன் பக்கத்தைச் சொல்கிற ஒரே வரியை எடுப்பதும் அதுவும் ஒன்றா?

கடைசியில் பாருங்கள். உடுப்பை மட்டும் அடையாளம் சொன்ன ராஜா போய்விடுகிறார், ராணியும் போய்விடுகிறாள். மேடையில் தனியாக நின்று எல்லோருக்காகவும் மன்னிப்புக் கேட்பவன் பக். நண்பர்கள் என்றால் கைகொடுங்கள், அதாவது கைதட்டுங்கள் என்கிறான். சனிக்கிழமை அந்த இடத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் “திருட்டுப் பயல்” என்று சிரித்தார். நான் கைதட்டினேன், விளக்கு எரிந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன்.