மலைமாட்டுக்கு மூடிய காடு, ஜீப்புக்கு மட்டும் திறக்கலாமா?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு இந்த வருசமும் போயிருந்தேன். குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம். நான் நேராக, அந்தியூருக்கு மேலே இருக்கிற பர்கூர் மலையின் மாடுகள் கட்டியிருந்த பக்கம் போனேன். செவலை உடம்பில் சுண்ணாம்பை விசிறியடித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். ஆள் கிட்டே போனால் மூக்கை விரித்துப் பின்னால் நகரும், காங்கேயம் மாடு மாதிரி சட்டென்று பழகாது.

பக்கத்தில் துண்டை விரித்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மலை மேலே தாமரைக்கரைப் பக்கம், லிங்காயத்துக்காரர். வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ். எத்தனை உருப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எங்கப்பன் காலத்துல நூறு தாண்டுமுங்க தம்பி. இப்ப இருபத்தஞ்சு. பட்டி போட விட்டாத்தானே மாடு பெருகும்?" என்றார்.

பட்டி என்பது காட்டுக்குள் முள்ளும் மரமும் வைத்து அடைக்கிற தொழுவம். மாதக்கணக்கில் அங்கேயே தங்கி மேய்ப்பார்கள். இந்த மாடு பால் கொஞ்சம்தான் கறக்கும். மேய்ப்பவருக்குக் காசு கன்றிலும் எருவிலும்தான். எங்கள் மஞ்சளுக்கு அப்பா பட்டி எருதான் வாங்கிப் போடுவார். லாரியிலிருந்து இறக்கும்போதே பொடிப்பொடியாக உதிரும். அப்புறம் மழை பெய்ததும் மஞ்சளுக்கு நடுவில் எங்கள் ஊரில் இல்லாத ஏதாவது ஒரு மரக்கன்று முளைத்து நிற்கும். மாடு மலையில் தின்ற காயின் கொட்டை. அம்மா அதைப் பிடுங்கி வரப்பில் நட்டுவைப்பார். அந்த மலையை நான் முதலில் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடுகள் எங்கேயும் மாடு மேய்க்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாதமே அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கப்பட்டது. பர்கூர் அப்போது இந்த மூன்றிலும் வரவில்லை. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் பர்கூர்க் காடு உள்பட 80,567 ஹெக்டேர் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. விட்டுப்போன கவலை திரும்பவும் வாசலுக்கு வந்துவிட்டது.

சரணாலயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கம் சத்தியமங்கலம், இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை, காவிரிக் காடுகள் என்று யானையும் புலியும் நடமாட இந்தத் தொடர்ச்சி வேண்டும். வரட்டுப்பள்ளம் அணையில் யானைக் கூட்டம் தண்ணீர் குடிப்பதைப் பார்த்த யாரும் இதற்குக் குறுக்கே நிற்க மாட்டார்கள். ஊர் மாட்டின் கோமாரி காட்டெருமைக்குத் தொற்றும் என்ற பயமும் நியாயமானதுதான். அதற்குத் தடுப்பூசி போடலாம், மேய்கிற இடத்தையும் மாதத்தையும் சேர்ந்து உட்கார்ந்து பிரிக்கலாம். யாரையும் கேட்காமல் கதவைச் சாத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தக் கதவு எல்லோருக்கும் சாத்தப்படுவதில்லை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் டாப்சிலிப்பில் காசு கட்டினால் வண்டியில் ஏற்றிக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். காப்பகங்களை ஒட்டிய விடுதிகளில் வாரக்கடைசியில் இடம் கிடைப்பதில்லை. நாளைக்குப் பர்கூருக்கும் சுற்றுலா வரும், வரட்டும். ஆனால் வருகிறவர் விடுதியில் படுத்துக்கொண்டு, மலைப் பழங்குடிகளான சோளகர் வீட்டுப் பெண் அங்கே பாத்திரம் தேய்க்க, பட்டிக்காரர் மகன் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறுவதுதான் வளர்ச்சி என்றால் எனக்கு அது வேண்டாம்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குக் காரமடைக்கு மேலே பரளிக்காடு இருக்கிறது. பில்லூர் அணைத் தண்ணீரில் பரிசல் ஓட்டுவது அங்கேயுள்ள இருளர்கள். மதியச் சாப்பாட்டைச் சமைத்துப் பரிமாறுவது அவர்கள் வீட்டுப் பெண்கள். பணம் ஊருக்குள் சுற்றுகிறது. அங்கேயும் குறை இருக்கும், ஆனால் ஊர்க்காரர் இல்லாமல் அந்தப் பரிசல் நகராது. பர்கூரில் வழிகாட்டி, சமையல், தங்குமிடம் என எது வந்தாலும் கிராம சபை கையில் கணக்கு இருக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிட்டோம் என்றும் யாரும் சொல்லக்கூடாது. சுற்றுலா ஒரு நோய் வந்தால் நின்றுவிடும் என்பதைக் கொரோனாவில் பார்த்தோம். அப்போதும் மாடு கன்று போட்டது.

2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமை என்றே எழுதிவைத்திருக்கிறது. எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில், அது புலிகள் காப்பகமான பிறகும், 2011-ல் சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. நம் பக்கத்துச் சோளகர்களோ வீரப்பனைத் தேடிய காலத்தில் பட்டதே போதும்.

லிங்காயத்து மக்களின் சிக்கல் இன்னொரு படி மேலே. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. அதனால் அந்தச் சட்டப்படி 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். காகிதத்துக்கு எங்கே போவார்கள் என்று நினைத்தேன். கேட்டதும் பெரியவர் இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அவருடைய தாத்தா பெயருக்கு வனத்துறை கொடுத்த மேய்ச்சல் சீட்டு. நான்காக மடித்து மடித்து, மடிப்பில் ஓட்டை விழுந்திருந்தது. பெயர் தெரிந்தது, வருசம் பாதி அழிந்திருந்தது. "வீட்டுல இன்னும் இருந்துச்சுங்க, கரையான் தின்னுருச்சு" என்றார்.

அந்தியூர், பவானி, கோபிப் பக்கத்து நண்பர்களுக்கு, முக்கியமாகக் கன்னடம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையில் தெரிந்தவர்கள் இருந்தால் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய சீட்டு, வரி ரசீது எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். காகிதமே இல்லாத வீட்டில், விண்ணப்பம் போடாத வேறு பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினாலும் சட்டப்படி அது சான்றுதான். வரும் ஞாயிறு நான் தாமரைக்கரைக்குப் போகிறேன். வண்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.