முப்பது ரூபாய்க்கு ஒரு மேல்முறையீடு

என் அம்மாவின் ப்ரீபெய்டு கணக்கிலிருந்து மாதந்தோறும் 30 ரூபாய் கழிந்துகொண்டிருந்ததை நான் கண்டுபிடிக்க நான்கு மாதங்கள் ஆயின. அவர் கேட்காமலேயே அவர் எண்ணில் காலர் ட்யூன் சேவை ஏறியிருந்தது. அந்தப் பாட்டு அழைப்பவர்களுக்குத்தான் கேட்கும் என்பதால் அவருக்குத் தெரிய வழியில்லை. நாங்களோ அம்மாவுக்குப் புது ரசனை வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

இதுபோன்ற சேவைகளைத் தொடங்குமுன் வாடிக்கையாளரின் ஒப்புதலை இருமுறை பெற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டுவிட்டது. ஆகவே வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசியவரிடம் நான் கோபப்படவில்லை (அவர் மாதச் சம்பளக்காரர், பாட்டை ஏற்றியவர் அவரல்லர்). எந்தத் தேதியில், எந்த வழியில் என் அம்மா ஒப்புதல் கொடுத்தார் என்பதற்கான பதிவைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டேன். சேவையை உடனே நிறுத்துவதாகச் சொன்னார்களே தவிர, அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. நிறுத்துவது வேறு, எடுத்த பணத்தைத் திருப்பித் தருவது வேறு. பலர் முதலாவதோடு மனம் ஆறிவிடுகிறார்கள். சிறுதொகைக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்ற கணக்கும் அங்கேதான் பலிக்கிறது.

நான் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டேன். தீர்வு கிடைக்காததால், ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய மேல்முறையீட்டு அமைப்புக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன். இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு விதி. 120 ரூபாயும் திரும்பி வந்தது. எதற்காகப் பணம் கழிகிறது என்று தெரியாதவர்கள், ப்ரீபெய்டு இணைப்பாக இருந்தாலும் கடந்த ஆறு மாதங்களுக்குரிய பயன்பாட்டுப் பட்டியலை எழுதிக் கேட்டு வாங்கலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது. டிராய்க்கே நேரடியாக எழுதுவது வீண், தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை.

28 நாட்களை ஒரு மாதம் என்று விற்று ஆண்டுக்கு 13 ரீசார்ஜ் வாங்குவதும் எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆனால் அது சட்டப்படியான அநியாயம், மேல்முறையீட்டில் தீராது. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022இல் வந்த உத்தரவைச் சொல்லிக் கேட்டு வாங்குவதே வழி.

பெருந்தொகை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிக் கட்டணத் தகராறு அங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியதை இன்றும் சில நிறுவனங்களின் கடிதங்களில் காணலாம். மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டிவந்த ஒருவருக்கு 24,609 ரூபாய்க்கு பில் வந்த வழக்கில், நுகர்வோர் ஆணையத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று அதே நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. வழக்கறிஞர் இல்லாமலும் அங்கே வாதாடலாம். புகார் எண்ணும் மேல்முறையீட்டுக்கு வந்த பதிலும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.