கொரிந்தியர் வசனம் பற்றி ஒரு திருத்தம்

மேலே ஒரு சகோதரர், "நாம் ஐசுவரியவான்களாகும்படிக்கே இயேசு தரித்திரரானார், 2 கொரிந்தியர் 8:9. இன்னும் ஏழையாய் இருப்பவனின் விசுவாசத்தில்தான் கோளாறு" என்று எழுதியிருக்கிறார். வசனம் இருப்பது உண்மை, அர்த்தம்தான் தலைகீழ்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் அந்த அதிகாரம் முழுக்க எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்ப்பதைப் பற்றியது. 2ஆம் வசனத்தைப் பாருங்கள்: கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபைகள்தான் உதாரத்துவத்துக்கு, அதாவது தாராளமாய்க் கொடுப்பதற்கு, முன்மாதிரி. ஏழ்மை விசுவாசக் குறை என்றால் பவுல் அவர்களை ஏன் புகழ வேண்டும்?

அப்புறம், லூக்கா 2:24. குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தபோது மரியாளும் யோசேப்பும் செலுத்தியது புறாக்கள். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12:8 கொடுத்த சலுகை அது. இயேசு வளர்ந்த வீடே ஏழை வீடுதான்.

யாக்கோபு 2:3ஐத் தமிழ் பழைய மொழிபெயர்ப்பில் வாசித்தால் சுருக்கென்று தைக்கும். பளபள உடுப்புக்காரனுக்கு "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்". ஏழைக்கு "நீ அங்கே நில்லு". தமிழில் "நீர்", "நீ" என்று தெரிகிற அந்தப் பாரபட்சத்தைத்தான் யாக்கோபு கண்டிக்கிறார். (கல்யாண ஆராதனைகளில் முன்வரிசை யாருக்குப் போகிறது என்று நமக்கும் தெரியும்.)

பணக்காரன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை, இயேசு வீடு தேடிப் போன சகேயுவும் ஐசுவரியவான்தான். வாடகை வீட்டில் இருக்கிற ஒருவரிடம் "உங்கள் விசுவாசம் போதவில்லை" என்று சொல்ல மட்டும் இந்த வசனத்தை எடுக்காதீர்கள்.