உமிழ்நீர் இருந்தால் பல் துலக்க வேண்டாமா?

உமிழ்நீரில் கிருமிகளைக் கொல்லும் புரதங்கள் இருப்பதால் பல் துலக்கத் தேவையில்லை என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. முதல் பாதி சரிதான். உமிழ்நீரில் உள்ள லைசோசைம் என்ற புரதம் சில பாக்டீரியாக்களின் செல்சுவரை உடைக்கும்; 1922-லேயே அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதை விவரித்துவிட்டார். லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதம் கிருமிகளுக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹிஸ்டாட்டின் என்ற புரதம் பூஞ்சையை எதிர்க்கும்.

ஆனால் துலக்குவதற்கு இவை மாற்று ஆகாது. துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதங்கள் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அமிலத்திலிருந்து ஓரளவு காப்பதும் அதுதான், பாக்டீரியாக்கள் வந்து ஒட்டிக்கொள்வதும் (வேடிக்கைதான்!) அதன் மேல்தான். அந்த பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து பற்படலமாகிவிட்டால் (பிளேக்) இந்தப் புரதங்கள் உள்ளே போய் வேலை செய்வது கடினம். அப்புறம், தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பே வெகுவாகக் குறைந்துவிடும்.

இதை யாரும் சோதிக்கலாம். பற்படலத்துக்கு நிறமேற்றும் மாத்திரை மருந்துக்கடைகளில் கிடைக்கும். காலையில் துலக்குவதற்கு முன் ஒன்றை மென்று, வாய் கொப்பளித்துக் கண்ணாடியில் பாருங்கள்: ஈறு ஓரமும் பல்லிடுக்கும் நிறமேறியிருக்கும். இரவு முழுவதும் உமிழ்நீர் வாயில்தானே இருந்தது? பிறகு துலக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.