ஹவாயில துருவ நட்சத்திரம் தலைக்கு மேலயா? இல்லங்க

"துருவ நட்சத்திரம் ஹவாய்க்கு நேர் மேல நிக்குது, அதப் பாத்துட்டே போனா தீவு வந்துடும், பழங்கால மாலுமிங்க அப்படித்தான் போனாங்க"ன்னு ஒரு ஃபார்வர்டு குரூப் குரூப்பா சுத்துது. தப்புங்க. அது தலைக்கு நேர் மேல வர்றது வட துருவத்துல மட்டும்தான், ஹவாயோட தலைநகர் ஹோனலூலுல வடக்குப் பக்கம் அடிவானத்துலேர்ந்து சுமார் 21 டிகிரி உயரத்துல தெரியும், கைய நீட்டி அளந்தா ரெண்டு முஷ்டி, அவ்ளோதான். உச்சியில கடக்குறது நம்ம சுவாதி, அங்க அதுக்குப் பேரு ஹோக்குலேயா. அது உச்சிக்கு வந்தா ஹவாய் இருக்குற அட்சரேகைக்கு வந்தாச்சுன்னு தெரியும், ஆனா தீவு கிழக்கயா மேற்கயான்னு அது சொல்லாது, அதுக்கு நட்சத்திரம் உதிக்கிற மறையிற இடம், அலை, பறவைன்னு எல்லாத்தையும் கவனிக்கணும். 1976ல மைக்ரோனேசியாவுல இருக்குற சதவால் தீவு மாலுமி மாவ் பியாய்லுக், அந்த நட்சத்திரத்தோட பேரையே வச்ச ஹோக்குலேயா படகை ஹவாயோட மாவி தீவுலேர்ந்து பூமத்திய ரேகைக்குத் தெற்க இருக்குற தஹிதி தீவுக்கு கருவி எதுவும் இல்லாம கொண்டுபோனது இப்படித்தான். பூமத்திய ரேகைய தாண்டினா துருவ நட்சத்திரமே மறைஞ்சிடுமே, அப்புறம் எதப் பாத்துப் போறது! சந்தேகம்னா எந்த ஊர் வானத்துல எந்த நட்சத்திரம் எங்க தெரியும்னு காட்டுற ஸ்டெல்லேரியம் ஆப்ல ஊர ஹோனலூலுன்னு மாத்திப் பாருங்க. அந்த மெசேஜ இனி ஃபார்வர்டு பண்ணாதீங்க, அனுப்பினவங்க கிட்டயும் சொல்லிடுங்க.